மூன்று உறைகள், மூன்று பேருந்துகள்

1

விடுமுறையில் கொல்லிமலைக்கு வந்த நான்காம் நாள், ஒரு திங்கட்கிழமை காலையில், என் சித்தி மகள் செல்வி அக்கா நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோடு. இடப்பக்கம் ஜெர்மனி, வலப்பக்கம் அயர்லாந்து. ஓரத்தில் வரிசையாக: சம்பளம், வாடகை, குளிர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரிசி, ஆளுக. கடைசிச் சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு அடிக்கோடுகள்.

“நீ ரெண்டு ஊர்லயும் இருந்தவ. மார்க்குப் போடு கண்ணு. ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எத்தனைன்னு போட்டாப் போதும். வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள நான் அவங்களுக்குச் சொல்லியாவோணும்.”

அவங்க என்றாள், சேலத்தில் வெளிநாட்டுக்குச் செவிலியர்களை அனுப்பும் ஓர் அலுவலகத்தை. நாமக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் அக்காவுக்கு, அந்த அலுவலகத்தின் வழியாக ஒரே மாதத்தில் இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. அயர்லாந்து என்றால் செப்டம்பரில் புறப்படலாம். ஆங்கிலத் தேர்வில் ஏற்கெனவே தேறியிருந்தாள். ஜெர்மனி என்றால் டிசம்பருக்குள் மொழித் தேர்வில் தேற வேண்டும். அதில் ஒருமுறை எழுத்தில் தேறி, பேச்சில் தோற்றிருந்தாள். மீண்டும் தோற்றால் அந்த அழைப்பு இல்லாமல் போகும். ஒன்றை ஏற்றால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்பது அலுவலகத்தின் நிபந்தனை. ஒப்பமிட்ட படிவமும் பாஸ்போர்ட்டும் கெடுவுக்குள் அவர்கள் கையில் சேர வேண்டும் என்பது இன்னொன்று.

அவளுடைய மகள் யாழினிக்கு நான்கு வயது. எங்கே போனாலும் குழந்தை முதலில் உடன் வர முடியாது என்று இரண்டு கடிதங்களிலும் இருந்தது. எவ்வளவு காலம் என்பது மட்டும் வேறுபட்டது. ஜெர்மன் மருத்துவமனை, தகுதிகாண் காலமான ஆறு மாதம் முடிந்ததும் பணியாளர் குடியிருப்பில் ஒரு வீடு தருவதாக எழுதியிருந்தது. அயர்லாந்துக் கடிதத்தில், முதல் ஆறு வாரங்களுக்கு மட்டும் தங்குமிடம். பிறகு சொந்தமாகத் தேடிக்கொண்டு, அதைக் காட்டிக் குழந்தையை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரி.

அந்த ஒரு வரியை வீட்டில் எவரும் இரண்டாம் முறை படித்ததாகத் தெரியவில்லை.

அக்காவின் கணவர் குமார் மாமா வாசலில் பிக்கப் வண்டியில் பலாப்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். “இதுக்கெதுக்கு மார்க்கு? ஜெர்மனில பஸ்ஸுக்காரன் கதவச் சாத்திட்டுப் போயிட்டான். அயர்லாந்துல கைநீட்டி வாங்கிக்கிட்டான். தீந்துச்சு கத. ஏனுங்க மலரு டீச்சரு, நாஞ் சொல்றது சரிதானுங்களே?”

அவர் என்னை டீச்சர் என்றுதான் அழைப்பார். இலக்கியம் படிக்கிறவள் வேறென்ன ஆகப்போகிறாள் என்பது அவர் கணக்கு. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

2

மாமா சொன்ன பேருந்துக் கதை நான் சொன்னதுதான்.

கொல்லிமலையில் எங்கள் பகுதியான வளப்பூர் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் ஊரில் பேருந்து ஆட்களை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை. மருந்துச் சீட்டு, கல்லூரி விண்ணப்பம், ஒரு படி மிளகு, பழுதான மிக்ஸி ஜார் என எதையும் கண்டக்டரிடம் கொடுத்து, “செம்மேட்டுல மணி நிப்பாருங்க” என்று சொன்னால் போதும். ரசீது கிடையாது. என்னுடைய பிளஸ் டூ ஹால்டிக்கெட் அப்படித்தான் மலையேறி வந்தது. எந்தப் பொருளும் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜெர்மனியில் என் முதல் இலையுதிர்காலம். தங்குமிடப் பதிவுச் சான்று பக்கத்து ஊரிலிருந்த அலுவலகத்துக்கு அன்று மாலைக்குள் சேர வேண்டும். எனக்கோ அதே நேரத்தில் தேர்வு. அந்த ஊரில் ஒரு தோழி இருந்தாள். நான் வேறு வழிகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. நிறுத்தத்தில் பேருந்து வந்ததும் முன்கதவில் ஏறி, பெயர் எழுதிய உறையை ஓட்டுநரிடம் நீட்டி, கடைசி நிறுத்தத்தில் ஒரு பெண் வந்து வாங்கிக்கொள்வாள் என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

அவர் உறையைத் தொடவில்லை. “இது தொலைந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். கோபமாகக்கூட அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போல. பயணிகள் என்னைப் பார்த்தார்கள். நான் இறங்கினேன். கதவு மூடியது. குறித்த நிமிடத்தில் பேருந்து புறப்பட்டது.

இரண்டாண்டுகளுக்குப் பிறகு அயர்லாந்து. மேற்குக் கரையில் ஒரு சிறு நகரம். மின்னஞ்சல் பார்க்காத ஒரு வீட்டுக்காரர், அறை வேண்டுமென்றால் நன்னடத்தைச் சான்றுகளைத் தாளில் அனுப்பச் சொன்னார். அவர் வீடு பேருந்து வழியிலிருந்த ஒரு கிராமத்தில். அங்கே இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். அதைப் பார்த்துத் துணிந்து மறுபடியும் கேட்டேன். ஓட்டுநர் உறையை வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் செருகிக்கொண்டு, “அந்த வீட்டை எனக்குத் தெரியும், கண்ணு” என்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன சொல் வேறு. ஆனால் எனக்குக் கேட்டது கண்ணு என்றுதான்.

அன்று மாலையே அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் கதை மலை முழுவதும் பரவிவிட்டது. மாமா வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரம் பற்றி எங்கள் ஊரில் இன்று நிலவும் கருத்து, இந்த இரண்டு உறைகளின் மேல் நிற்கிறது.

3

இரண்டு கதைகளிலும் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

ஜெர்மனியில் கதவு மூடிய பிறகு, அந்த உறையை எதிரிலிருந்த மஞ்சள் தபால் பெட்டியில் போட்டேன். மறுநாள் காலை அது போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் தாமதம். தாமதத்துக்கும் ஒரு படிவம் இருந்தது. நிரப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். என் விடுதி அறைக்கு என்னிடம் சாவி இருந்தது. சன்னலை ஒட்டி ஒரு மேசை. அந்த மேசையில் இரண்டு ஆண்டுகள் யாரும் குறுக்கிடாமல் படித்தேன். கடுகு தாளித்த நாளில், பக்கத்து அறைக்காரர் என் கதவில் வாடையைப் பற்றி ஒரு குறிப்பை ஒட்டினார். நடையில் என்னைப் பார்த்தபோது அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வேறெதைப் பற்றியும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலையே கேட்காமல் உறங்கப் போயிருக்கிறேன்.

அயர்லாந்தில் அந்த உறை அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. அறை அதற்கு முன்பே வேறொருவருக்குப் போய்விட்டது. அதற்கு அடுத்த அறையும் அப்படித்தான், அதற்கடுத்ததும். இப்போது நான் இருக்கும் அறையில் நாங்கள் நான்கு பெண்கள். இரண்டு அடுக்குக் கட்டில்கள், நான்கு பெட்டிகள், குறுக்கே ஒரு கொடிக்கயிறு. சன்னலுக்கு வெளியே கடல். வீட்டுக்கு அனுப்பிய படத்தில் சன்னலும் கடலும் மட்டும் இருக்கும்படி வெட்டினேன். வெட்டும்போது பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. படத்துக்கு எது அழகு என்று பார்ப்பதாகவே நினைத்தேன்.

எனக்கு மேல் கட்டிலில் ரோசி. கேரளத்துக்காரர், முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர். மூன்று வயது மகனை விட்டுவிட்டு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வீடு கிடைத்தால் அழைத்துக்கொள்ளலாம். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அவருக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். முதல் சில மாதங்கள் மகன் தொலைபேசித் திரையை முத்தமிட்டு ஈரமாக்குவானாம். பிறகு பேச மட்டும் செய்தான். இப்போது திரையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அருகிலிருக்கும் அத்தையை அம்மா என்கிறான். ரோசி சிரித்தபடி பேசி முடித்துவிட்டு, மேலே ஏறிப் படுப்பார். கட்டில் கொஞ்ச நேரம் அசையும்.

இதைப் பற்றியும் நான் வீட்டில் சொன்னதில்லை.

4

திங்களும் செவ்வாயும் நோட்டு வெறுமையாகவே இருந்தது. புதன்கிழமை அக்காவே நிரப்பத் தொடங்கினாள். “குளிருக்கு ஜெர்மனிக்கு மூணு போடட்டுமா?” என்று உள்ளேயிருந்து கேட்பாள். நான் சரியான எண்ணைத் தேடுவதற்குள், “செரி, நாலு” என்று அவளே முடித்துவிடுவாள். நான் இயல்பில் குறைவாகப் பேசுகிறவள். அந்த வாரம் என் மௌனத்தை எல்லோரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது தெரிந்தே இருந்தது.

பயமாகவும் இருந்தது. நான் உண்மையைச் சொல்லி, அவள் ஜெர்மனியைத் தேர்ந்து, பேச்சுத் தேர்வில் மீண்டும் தோற்றால் இரண்டும் போகும். ஒன்பது ஆண்டு இரவுப்பணியில் சேர்ந்த ஒரே வாய்ப்பு என் வாயால் போனதாக ஆகும். சொல்லாமல் இருந்தால், எது நடந்தாலும் அது அவள் எடுத்த முடிவு.

வியாழன் பிற்பகல், வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தோம். பால் ஒட்டாமலிருக்க அக்கா முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். யாழினி கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணினாள்: “ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை…” அக்கா ஜெர்மன் பாடம் கேட்கும் செல்போனிலிருந்து பிடித்துக்கொண்டது. பத்துக்கு மேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

“வாத்தியாரம்மா எனக்கே சொல்லிக் குடுக்குது பாரு” என்று சிரித்தாள் அக்கா. பிறகு குரலைத் தணித்தாள். “அயர்லாந்துன்னே சொல்லிடறேன் மலரு. கூட்டிப் பாத்தேன். நாப்பத்தியெட்டு, அம்பத்திமூணு. பாப்பாவ தீவாளிக்குள்ள கூப்ட்டுக்குவேன். ஒரு ரூமு கெடைக்காமயா போயிரும்? உனக்குக் கெடச்சுதுல்ல, கடலப் பாத்தாப்புல.”

நான் கையைத் துடைத்துவிட்டு, செல்போனில் வெட்டாத படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

கைகளில் எண்ணெயும் பாலும் இருந்ததால் அவளால் தொட முடியவில்லை. குனிந்து பார்த்தாள். “இது எந்த ஊடு?”

“அதே ஊடுதான்க்கா. அதே சன்னலு.”

“பெருசு பண்ணு.” பண்ணினேன். “இந்தப் பக்கம் தள்ளு.” தள்ளினேன். கட்டில்களைக் கண்ணால் எண்ணினாள். கொடிக்கயிற்றில் தொங்கிய ரோசியின் சீருடையில் பார்வை நின்றது. அந்தச் சீருடை எந்த வேலைக்கு உரியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. “இவ புள்ள எங்க?”

சொன்னேன். அறைகளுக்கு முன் நிற்கும் வரிசையை, திரையிலிருந்து முகத்தைத் திருப்பும் பையனை, உறை சேர்ந்தும் கிடைக்காத அறையை, மஞ்சள் தபால் பெட்டியை, சாவியை, யாரும் பேசாத ஞாயிற்றுக்கிழமைகளை என எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது எனக்கே வியப்பாக இருந்தது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“இந்தப் படத்த நான் ஆஸ்பத்திரில எத்தன பேருக்குக் காட்டியிருக்கறேன் தெரியுமா? என்ற தங்கச்சி ரூமுன்னு. நான் கேட்டப்பவெல்லாம் நல்லாருக்குது, நல்லாருக்குதுன்ன.”

“கடல் நல்லாருந்துச்சுக்கா.”

“கடலுக்கா வாடக குடுக்கற?”

யாழினி எண்ணுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“மார்க்கெல்லாம் கெடக்கட்டும்” என்றாள் அக்கா. கண்கள் சிவந்திருந்தன, எண்ணெய்க் கையால் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்க போனா எம்புள்ள மொதல்ல எம்பக்கத்துல படுக்கும்?”

“நீ பரிச்ச பாசாயிட்டா, ஜெர்மனில. ஆறு மாசம்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க. எழுதுனா அங்க செய்வாங்கக்கா. அயர்லாந்துல எப்பன்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுங்கற ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு ஒரு வருசமாச்சா உனக்கு?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாதி அரிந்த பழத்தை நான் அரிந்து முடித்தேன்.

5

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. மாமா பலாப்பழ லோடுடன் முன்பே சேலம் போய்விட்டார். யாழினிக்குக் காய்ச்சல். கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. விட்டுவிட்டும் போக முடியாது. நான் கொண்டுபோகிறேன் என்றதற்கு, காய்ச்சல் கூடினால் துணைக்கு ஆள் வேண்டும், இங்கேயே இரு என்றாள் அக்கா. அக்கா படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டு, ஒப்பமிட்டு, பாஸ்போர்ட்டையும் சேர்த்து உறையில் வைத்து ஒட்டினாள். என்னிடம் காட்டினாள்: ஜெர்மனி.

“அக்கா, பாசாகலைன்னா…”

“பாசாகோணும். தெனமும் அர மணி நேரம் நீ எங்கூட ஜெர்மன்ல பேசற. பேச்சுலதான நான் போனது? உனக்கும் வாய் தொறக்கற பழக்கம் வரட்டும்.”

ஒன்பது மணிப் பேருந்து வந்து நின்றது. அக்கா குடையோடு ஓடி, சேலத்தில் மாமாவிடம் சேர்க்கச் சொல்லி உறையைக் கண்டக்டரிடம் நீட்டினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அக்கா, பாஸ்போர்ட்டுக்கா! தொலஞ்சா யாரு பொறுப்பு?”

சொல்லி முடித்த பிறகுதான், அது யாருடைய வாக்கியம் என்று என் காதுக்கு உறைத்தது.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏஞ்சாமி, உன்ற பரிச்சச் சீட்டக் கொண்டாந்து குடுத்தப்ப இந்தக் கேள்வி கேக்கலையே?” உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “குமாரு சேலத்துல பஸ் ஸ்டாண்டுல நிப்பாரில்ல? குடுத்தர்றேன்.” விசில் ஒலித்தது.

பத்தே முக்காலுக்கு, பாதி வளைவுகள் இறங்கிய இடத்தில் மரம் விழுந்து பேருந்து நிற்பதாகச் செய்தி வந்தது. கண்டக்டரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கும் மரம் அகற்றப்படவில்லை. நான் சேலம் அலுவலகத்துக்கு அழைத்து, மழையால் தாமதமாகலாம், ஒரு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்றார்கள். தாமதத்துக்கு அங்கே படிவம் ஏதும் இல்லை. அக்கா குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை வெட்டாமல் அனுப்பியிருந்தால், இந்த முடிவை ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்து, நிதானமாக நேரில் போய்க் கொடுத்திருப்பாள். இதை அவள் சொல்லவில்லை. சொல்லாததையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்கு மாமாவின் அழைப்பு. விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி திரும்பிக்கொண்டிருந்ததாம். கண்டக்டர் மரத்தைத் தாண்டி ஏறிப் போய் உறையை அந்த வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் அடிவாரத்தில் சேலம் போகும் இன்னொரு பேருந்தில் கொடுத்திருக்கிறார். “எந்த பஸ்ஸுன்னு தெரியலீங்க. வர்ற பஸ்ஸெல்லாம் ஏறிக் கேட்டுட்டு நிக்கறேன்” என்றார் மாமா. அக்கா போனை வாங்கினாள். “அதுல ஜெர்மனின்னு போட்டிருக்கறேன். திட்டறதுன்னா ஊட்டுக்கு வந்து திட்டு. மொதல்ல கவர வாங்கு.” மறுமுனையில் மாமாவின் குரல்: “அப்ப அந்தக் கதவச் சாத்துன ஊருக்கா போறே?”

“சாத்துற கதவுக்குச் சாவி தர்றாங்களாமா.”

நான்கு முப்பத்தெட்டுக்கு மாமாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அலுவலக முத்திரை பதித்த ஒப்புதல் சீட்டு. ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும், மேசைக்கு அப்பால் ஒருவரின் அரை முகமும் தெரிந்தன. மாமாவுக்குப் படத்தை வெட்டத் தெரியாது.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

6

அயர்லாந்துக்குத் திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் சத்தத்துக்கு நடுவே, அக்காவுடன் ஜெர்மனில் பேசுகிறேன். அங்கே அப்போது பதினொன்றரை. ரோசி தன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, திரையில் யாழினிக்குக் கையசைக்கிறார். அசைத்துவிட்டு உடனே தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

இன்றைய பேச்சுப் பயிற்சிக்கு, தேர்வில் வழக்கமாக வரும் தலைப்பு: வசிக்கும் இடத்தை விவரித்தல். பேசுவதற்கு ஒரு படம் வேண்டுமென்றாள் அக்கா. அறையை மூலையிலிருந்து மூலைவரை எடுத்து, எதையும் நீக்காமல் அனுப்பினேன். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, வினைச்சொல்லை உரிய இடத்தில் வைத்து, ஜெர்மனில் கேட்டாள்: “நான்கு கட்டில்கள் இருக்கின்றன. இவற்றில் உன்னுடையது எது?”

நாட்டை விட்டு வந்த மூன்று ஆண்டுகளில், ஊரிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் எந்த மொழியிலும் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கான படத்தை நான் அனுப்பியதும் இல்லை.

கதவை ஒட்டியது, கீழ்க்கட்டில் என்றேன். அவள் அடுத்த கேள்விக்கான சொல்லைத் தேடத் தொடங்கினாள். நான் காத்திருந்தேன்.